நாப்பது செகண்டு நிர்மலா

எனக்குக் கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு எறங்காது. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என் மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு. அதைச் சொல்லணும்னா எங்க ரேடியோ கதையில இருந்து ஆரம்பிக்கணும்.

தெங்கேராவுல ஒரு தையக்கடைக்கு மேல ரெண்டு ரூம். அதுதான் கரையோரம் எஃப்எம். இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி சுகுமாரன் அண்ணன் ஆரம்பிச்சப்ப அங்க இருந்தது ரெண்டு கேசட் பிளேயர், ஒரு மைக்கு, ஒரு காத்தாடி, அப்புறம் நான். காத்தாடியைப் போட்டா சத்தம் மைக்குல விழும். அதனால வேர்க்க விறுவிறுக்கத்தான் வணக்கம் சொல்லுவேன்.

காலையில ஏழு மணிக்கு 'வீட்டுச் சேதி', ஒரு மணி நேரம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எல்லாம் நான்தான் வாசிப்பேன். தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீடுகள்ல இருக்கிற சனங்க, சீட்டுல எழுதிக் கீழ தையக்கடையில குடுத்துட்டுப் போவாங்க. 'நாலாம் லயத்துப் பீப்பா வீட்டுல நாளைக்கு விசேசம், எல்லாரும் வரணும்.' அவ்வளவுதான் இருக்கும். அட்ரஸ் கிடையாது, நேரம் கிடையாது. ஆனா போக வேண்டிய ஆளுங்க கரெக்டா போயிச் சேந்துருவாங்க. பீப்பான்னா யாருன்னு தோட்டத்துக்கே தெரியும்.

அப்புறம் கேசட் போயி சிடி வந்துச்சு, சிடி போயி கம்ப்யூட்டர் வந்துச்சு. நேயருங்க போன் பண்ணிப் பாட்டு கேக்குற நிகழ்ச்சி ஒரு பத்து வருசம் ஓடுச்சு. ஒரே ஆளு ஒரே பாட்டைத் தினம் கேப்பாரு, நானும் தினம் போடுவேன். அந்தக் காலத்துலதான் பீப்பாவோட மகன் வக்கீலானான். அவங்க அப்பாவை ரேடியோவுல பீப்பான்னு சொல்லிட்டேன்னு படியேறிச் சண்டைக்கு வந்துட்டான். அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு, இனிமே ஐசியில, அடையாள அட்டையில என்ன பேரோ அதுதான்னு. மரியாதைதானேன்னு நானும் தலையாட்டிட்டேன்.

இப்ப அண்ணன் வீட்டோட இருக்காரு, அவரு மகன் தர்ஷன் பாத்துக்கிறான். நல்ல பிள்ளைதான், ஆனா வாயைத் திறந்தாலே போன்ல ரேடியோ கேக்குற ஆப்பு, அதுல எத்தனை பேரு கேக்கறாங்கன்னு காட்டுற கிராஃப்புதான். "அக்கா, யாரும் பேச்சு கேக்கறதில்ல லா. பேச ஆரம்பிச்சா ஆப்பை மூடிட்டுப் போயிடுறாங்க" என்பான். பாதி நாளு கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுக்குது. என் ஒரு மணி நேரம் அரை மணியாச்சு, பத்து நிமிசமாச்சு, இப்ப ஒரு சேதிக்கு நாப்பது செகண்டு. ஜனங்களும் சீட்டு எழுதறதில்ல, போன்லயே ஃபாரம் நிரப்பிடுறாங்க. ஐசி பேரு, வயசு, இடம், நேரம். இருக்கறதைப் படிச்சிட்டு எந்திரிச்சு வந்துருவேன். ஆபிஸ்ல எனக்குப் பேரே நாப்பது செகண்டு நிர்மலா.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின வாரம் பூரா ஒரு சேதி வாசிச்சேன். "புக்கிட் லாடா தோட்டத்தில் பணியாற்றிய திரு. அப்புசாமி காளிமுத்து அவர்களின் எழுபத்தைந்தாம் பிறந்தநாள் விருந்து. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி, உம்பாய் கோயில் மண்டபம். தோட்டத்து மக்கள் அனைவரும் வருக." நானும் அந்தத் தோட்டத்துல பொறந்தவதான். அப்புசாமியா, நாங்க தோட்டத்தை விட்டுப் போனப்புறம் வந்த ஆளா இருக்கும்னு நினைச்சிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பன்னண்டரைக்கு ஸ்டேசனுக்கு ஒரு போன் வந்துச்சு.

"நான் அகல்யா பேசுறேன். அப்பாவோட விருந்துச் சேதியைச் சொன்னீங்களா, இல்லையா?"

"தினம் சொன்னேனேம்மா."

"இருநூறு பேருக்கு ஆக்கி வச்சிருக்கேன். வந்தது பதினாலு பேரு, அதுல எட்டுப் பேரு என் ஆபிஸ் ஆளுங்க." குரல் உடைஞ்சிடுச்சு அந்தப் பிள்ளைக்கு. "புதன்கிழமை அப்பாவை என்னோட கடல் தாண்டிக் கூச்சிங்குக்கே கூட்டிட்டுப் போறேன். போறதுக்கு முன்னாடி தோட்டத்து ஆளுங்களை ஒருக்கா பாத்துடணும்னு அது ஒண்ணுதான் கேட்டாரு. இப்ப, என்னை யாருக்கும் ஞாபகம் இல்ல போல, இலையை எடுத்து வைம்மான்னு சொல்றாரு."

"அப்பா தோட்டத்துல என்ன வேலை பாத்தாரும்மா?"

"லாரி ஓட்டினாரு. பிள்ளைங்களை ஏத்திட்டு ஸ்கூலுக்குப் போற லாரி. மழை பேஞ்சாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழட்ட மாட்டாராம்."

அது கண்ணாடி மாமா.

ஆறு வருசம் அந்த லாரியிலதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ரெண்டு சின்ன ஹாரன், ஒரு பெரிய ஹாரன். அதைக் கேட்டா லயத்துப் பிள்ளைங்க பாதி தோசையோட ஓடும். முன்சீட்டுக்குத் தினம் அடிதடி நடக்கும். மாமா அதுக்கு ஒரு சட்டம் வச்சிருந்தாரு, அன்னைக்கு யாரு அழறாங்களோ அவங்களுக்குத்தான் முன்சீட்டு. நான் முக்காவாசி நாளு முன்சீட்டுலதான் போனேன். எனக்கு அழுமூஞ்சின்னே பேரு வச்சிட்டாங்க.

அந்த மனுசனுக்கு அப்புசாமின்னு ஒரு பேரு இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல. மாமாவுக்கு எதுக்குத் தனியா பேரு? வாரம் பூரா அவரு பேரை என் வாயால வாசிச்சிட்டு, யாரோ எவரோன்னு எந்திரிச்சு வந்திருக்கேன். என்னைக் கொண்டு போயி எதுல அடிக்கிறது?

ஸ்டூடியோவுக்குள்ள போயி ஓடிக்கிட்டிருந்த பாட்டை நிறுத்தினேன். தர்ஷன் ஓடி வந்தான்.

"அக்கா, இன்னும் பதினெட்டுப் பாட்டு வரிசையில இருக்கு."

"உன் பாட்டு எங்கயும் ஓடிப்போகாது. தள்ளு."

மைக்கைத் தொறந்தேன். எழுதி வச்சு ஒண்ணும் பேசல.

"புக்கிட் லாடா தோட்டத்து ஆளுங்க யாரு கேட்டுக்கிட்டு இருந்தாலும் கையில இருக்கிற வேலையை வைங்க. இந்த வாரம் நான் அப்புசாமி அப்புசாமின்னு வாசிச்சது நம்ம கண்ணாடி மாமாவை. ஸ்கூல் லாரி கண்ணாடி மாமா. ஐசி பேரைச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன், தப்பு என் மேலதான். மாமா உம்பாய் கோயில் மண்டபத்துல இலையைப் போட்டுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. புதன்கிழமை ஊரை விட்டே போறாரு. மேட்டு லயம், கோயில் லயம், ஆபிஸ் கிராணி வீட்டுப் பக்கம் எல்லாரும் கிளம்புங்க. மாமா ஹாரன் அடிக்கிறாரு." அம்பத்தேழு வயசுல மைக்கு முன்னாடி ரெண்டு சின்ன ஹாரன், ஒரு பெரிய ஹாரன் வாயாலயே அடிச்சேன். வெக்கமா ஒண்ணும் இல்ல.

தர்ஷன் ஆப்பையே பாத்துக்கிட்டு நின்னான். யாரும் மூடிட்டுப் போகலையாம், கூடிக்கிட்டே இருக்குன்னான். அதுக்குள்ள போன் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. மொத ஆளு தங்கா பத்து ஊருல இருந்து, எங்க பழைய தோட்டத்து மங்களம் அக்கா. "ஏன்டி, கண்ணாடியா? அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எவனோ அப்புசாமியாம், நம்ம தோட்டத்துலயே இல்லாத ஆளு, ஓசிச் சோத்துக்கு ஏன் போகணும்னு வீட்டுல உக்காந்துட்டேன். இரு, சேலையை மாத்திக்கிட்டு வரேன்." அடுத்தடுத்து எல்லாரும் அதையேதான் சொன்னாங்க.

வேலை முடிஞ்சு நான் உம்பாய்க்குப் போறப்ப மணி மூணு. ரோட்டோரம் பூரா காரு. சோறு தீந்து போயி, அகல்யா பக்கத்துக் கடையில இருந்து சுட்ட மீனும் சோறும் வாங்கிட்டு வந்துக்கிட்டு இருந்தா. மண்டபத்துக்குள்ள தாத்தாவானவங்க எல்லாம் முன்சீட்டுச் சண்டையைத் திரும்பப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வயிறு நெறைஞ்சு போச்சு, ஒரு வாய் திங்காமலேயே.

மாமா நடுவுல உக்காந்திருந்தாரு, அதே மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியோட. அகல்யா என்னைக் கூட்டிட்டுப் போயி, "அப்பா, ரேடியோ நிர்மலாதேவி வந்திருக்காங்க"ன்னா.

அவரு சட்டுன்னு எந்திரிச்சுக் கை கூப்பினாரு. "உங்களாலதாம்மா இன்னைக்கு எல்லாம். இருபத்தஞ்சு வருசமா தினம் காலையில உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் காப்பி குடிப்பேன். நீங்க எந்த ஊரும்மா?"

பேரு வாங்கின ஆளுங்க முன்னாடி நிக்கிற மாதிரி என் முன்னாடி நின்னாரு. "நம்ம தோட்டம்தான் மாமா. கோயில் லயத்து ஆட்டுக்காரர் மக. அழுமூஞ்சி."

மாமா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. நான் அழுதுக்கிட்டுத்தான் நின்னேன். அவரு பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்த மங்களம் அக்காவைத் தொட்டு, "நீ எந்திரிம்மா"ன்னாரு. அப்புறம் அந்த நாற்காலியைத் தட்டினாரு.

"வா, முன்சீட்டுல உக்காரு."