ஒரு வருஷம் உட்கார்ந்த சீட்

என் வீட்டுக்காரருக்கு என் அப்பாவின் மேல் திடீரென்று பாசம் பொங்கியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதுவரை அப்பாவின் அறைப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பக்கவாதம் வந்து அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துபோய், நான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து, "மாமா சாப்டாரா?" என்று நடையில் நின்றபடி கேட்பதோடு மருமகன் கடமை முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் அப்பாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து, விழுந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, உங்களுக்குன்னே ஒரு கார் எடுக்கப் போறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். காரணம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தால் வருஷம் முடிவதற்குள் உங்கள் அப்பாவைக் கம்பு ஊன்றி எழுந்து நிற்க வைத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியோ ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. டாக்ஸிக்காரர்கள் அப்பாவைப் பார்த்ததும் வண்டியைக்கூட நிறுத்தாமல் போவார்கள். நிறுத்துகிறவர்களும், "சீட்டு அழுக்காகாம பாத்துக்கங்க" என்று முகத்தைச் சுளிப்பார்கள். சொந்தமாக ஒரு கார் இருந்தால் அப்பா நின்றுவிடுவார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகத்தில் வேலை. எந்தச் சட்டத்தில் எங்கே ஓட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி கொண்டுவர சாதாரண ஆட்களுக்கு அனுமதி கிடையாது. நடக்க முடியாதவர்கள் பேரில் மட்டும் ஒரு வண்டி கொண்டுவரலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. முன் சீட்டை அந்த ஆளுக்கு ஏற்றபடி மாற்றியிருக்க வேண்டும். வருஷத்துக்கொரு முறை அவரை அதே சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். ஏமாற்றினால் வண்டி பறிமுதல். வழக்கு வண்டிக்குச் சொந்தக்காரர் மேல், அதாவது என் அப்பா மேல். அப்பா நல்லபடியாக இருந்த வலது கையால் காட்டிய இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. டர்போ வைத்த சாம்பல் நிறச் செடான். டிக்கியின் மேலே ஒரு இறக்கை நின்றது.

"நோயாளிய ஏத்திட்டுப் போற வண்டிக்கு இறக்கை எதுக்குங்க?"

"நாலு கதவு இருக்கு பாத்தியா? குடும்ப வண்டிதான்டி. ஜப்பான்ல எல்லாக் குடும்பமும் இதுலதான் போகுது."

எல்லாக் குடும்பமும் எங்கே போகிறது, சொர்க்கத்துக்கா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் என் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியது அந்தக் குரல் ஒன்றுதான்.

வண்டியை நம் ரோட்டுக்குத் தோதாக்குகிற வேலையைத் தாடி எடுத்துக்கொண்டான். தாடி என் வீட்டுக்காரரின் சிநேகிதன், மெக்கானிக். முகத்தில் பாதிக்கு மேல் தாடிதான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினான். எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டினான். இண்டிகேட்டர்களை மாற்றினான், பின்னால் பனி விளக்கு வைத்தான், சைலன்ஸரின் உறுமலை அடக்கினான். ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர், சொந்தப் பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீட்டை நான் செய்தேன். அதுதான் என் தொழில். கார் சீட் தைக்கும் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறேன். கதவுப் பக்கம் திரும்பி நிற்கும் சுழல் அடிக்கட்டையைத் தாடி பொருத்தினான். மேல் வேலை முழுக்க என்னுடையது. அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து அளவெடுத்தேன். விழுந்த பக்கமாக, இடது பக்கம், அவர் சாய்ந்துகொண்டே போவார். அதனால் இடது பக்க அணைப்பை வலதைவிட உயரமாகவும் கெட்டியாகவும் வைத்தேன். அக்குளுக்குக் கீழே மெத்தென்று ஒரு திண்டு வைத்தேன். நல்ல தோல், இரட்டைத் தையல், தையல் எதுவும் உடம்பில் உறுத்தாத மாதிரி உள்பக்கமாக மடித்தது. முதலாளி பார்த்துவிட்டு, "எந்தப் பெரிய மனுஷனுக்கும்மா இது?" என்றார். "எங்கப்பாவுக்கு" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை!

முதல் பரிசோதனைக்குப் போனபோது அப்பா முதன்முதலாக அதில் உட்கார்ந்தார். "யாரோ தோள்ல கை போட்டு உக்கார வெச்ச மாதிரி இருக்கு பாப்பா" என்றார். வண்டி தேறியது. திரும்பி வரும்போது, "மாப்பிள்ளை, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்று அப்பா கேட்க, இவர் அழுத்தினார் ஒரு அழுத்து. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நோய் விழுந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பின்சீட்டில் இருந்த நான், இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்படியும் ஒரு முட்டாள்தனம்.

அடுத்த வாரம் பயிற்சிக்குக் கிளம்பி அப்பாவுக்குச் சட்டை மாட்டி முடித்தேன். வண்டி வரவில்லை. சின்ன வேலை, தாடியின் ஷெட்டில் நிற்கிறது என்றார். அதற்கடுத்த வாரமும் சின்ன வேலைதான். நானே ஷெட்டுக்குப் போனேன்.

வண்டி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கட்டியிருந்த தகட்டைக் காணோம். பழைய சைலன்ஸர் திரும்பி வந்திருந்தது. உள்ளே என் சீட் இருந்த இடத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு மாட்டுகிற ஒடுங்கிய கறுப்புச் சீட் ஒன்று இருந்தது. என் சீட் ஷெட்டின் மூலையில், பிளாஸ்டிக் சுற்றி, பழைய டயர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

தாடி என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் என்ன பண்றது தங்கச்சி? அவர் சொல்றார், செய்யறேன்."

வீட்டில் சண்டை போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"உன் சீட்டு கனம்மா. அந்த அடிக்கட்டை மட்டுமே ஒரு ஆள் வெயிட்டு இருக்கும். இந்த வண்டிக்கு அது பாவம். மலை ரோட்டுல ஒரே ஒரு ஓட்டம், பசங்க கூப்ட்டிருக்காங்க. முடிச்சுட்டு மாட்டிடறேன்."

"இன்னைக்கு அப்பாவுக்குப் பயிற்சிங்க."

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல வேகத்தடை இருக்கு, பாத்திருக்கியா? இப்ப இருக்கற உயரத்துக்கு வயிறு இடிச்சுடும்."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று கடல் தாண்டி வந்த வண்டி. அதற்கு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட வயிறு இடிக்குமாம். நான் கத்தினேன், அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"போய்ச் சொல்லு. கையெழுத்து யாருது?"

அன்றோடு என் வாய் அடைத்தது. படுக்கையில் கிடக்கிற மனுஷனை வழக்கு, விசாரணை என்று இழுத்தடிக்க நானே வழி செய்ய முடியுமா? அந்த மலை ரோட்டு ஓட்டம் முடியவே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மலை, ஒரு பந்தயம், ஒரு சிநேகிதன். அப்பா கேட்கும்போதெல்லாம், "வண்டி வேலைல இருக்கு மாமா, ஜப்பான்லருந்து சாமான் வரணும்" என்பார். அப்பாவும் தலையாட்டுவார். சீட்டைக் கழற்றிப் போட்ட விஷயத்தை நானும் அவரிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

மறுபடியும் டாக்ஸிதான், மறுபடியும் அந்த முகச் சுளிப்புதான். வாரத்துக்கு மூன்று நாள் ஒன்றாகியது. மழை வந்தால் அதுவும் இல்லை. கொஞ்ச நாளில் அப்பாவே, "வேணாம் பாப்பா, உனக்குத்தான் அலைச்சல்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் விறைத்துக்கொண்டே வந்தது. கடைசியாகப் போனபோது பயிற்சி கொடுக்கிற அம்மா காலைப் பிடித்து மடக்கிப் பார்த்துவிட்டு, வலி இல்லாமல் படுக்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். கம்பைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வருஷம் திரும்பியது. பரிசோதனைக்கு வரச்சொல்லித் தகவல் வந்த அன்று என் வீட்டுக்காரர் மல்லிகைப் பூவும் கையுமாக வந்தார். பூ வந்தால் பின்னாலேயே ஏதாவது வரும்.

"வண்டிய தாடி பழையபடி தூக்கி வெச்சுடுவான். அது பிரச்சனை இல்ல. சீட்டுதான் பிரச்சனை."

"என்ன பிரச்சனை? பிளாஸ்டிக்ல பத்திரமாத்தானே இருக்கு?"

"அதான்டி பிரச்சனை! போன மாசம் ஒருத்தன் மாட்டிக்கிட்டான். சீட்டு பளபளன்னு புதுசா இருந்துச்சாம், இதுல ஆளு உக்காந்தே இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நீ ஒரு வருஷம் உக்காந்த மாதிரி பண்ணிக் குடுத்துடு. உனக்குத் தெரியாததா?"

ஆமாம், எனக்குத் தெரியும். பழைய சீட்டுகளைப் பிரித்துப் பிரித்துத்தானே என் காலம் போகிறது. எந்த மனிதன் எப்படித் தேய்ப்பான் என்று தெரியும். அப்பாவையே வீட்டில் அதில் உட்காரவைத்துத் தேய்த்திருக்கலாம். ஆனால் சீட் இங்கே இருக்கிறதே, வண்டி எங்கேம்மா என்று கேட்டால்? ஷெட்டில் தாடியை வெளியே போகச் சொல்லிவிட்டு நானே வேலைக்கு உட்கார்ந்தேன்.

அப்பாவின் எடைக்கு மணல் மூட்டை கட்டி, இடது பக்கம் சாய்த்து, நாள்கணக்கில் சீட்டின் மேல் வைத்து அழுத்தினேன். இடுப்பு அமுங்கும் இடத்தில் ஃபோம் பள்ளமாயிற்று. ஏறி இறங்கும்போது தேய்கிற வெளிப்பக்க விளிம்பை மெல்லிய உப்புத்தாள் போட்டு உரசினேன், தோலின் சாயம் வெளுத்தது. அக்குள் திண்டை ஈரத்துணி வைத்துக் கசக்கினேன். பெல்ட் உராய்கிற தோள்பட்டைத் தையலில் நூலை நானே பிசிறாக்கினேன். கழுத்துப் படுகிற இடத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினேன்.

உரச உரச, இது எந்தப் பயணம் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த விளிம்பு பயிற்சிக்குப் போய்வந்த நாள்கள். இந்தப் பள்ளம், ஒரு தடவை கடலைப் பார்க்கணும் என்று கேட்டாரே, அதற்குப் போய்த் திரும்பியது. இந்தக் கழுத்துக் கறை, திரும்பும் வழியில் அசந்து தூங்கியது. ஒன்றுகூட நடக்கவில்லை. என் அப்பா போகாத இடத்துக்கெல்லாம் நான் உப்புத்தாளால் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அழுதேனா என்றால் அழவில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலித்ததுதான் மிச்சம்.

பரிசோதனை நாளன்று அப்பாவுக்கு ஒரே குஷி. விடிவதற்கு முன்பே கூப்பிட்டு முகம் மழிக்கச் சொன்னார். "வண்டி சரியாயிடுச்சா பாப்பா? சாமான் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருமகன் அவரைத் தூக்கி, சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, நெற்றியில் விழுந்த முடியைக்கூட ஒதுக்கிவிட்டார். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதானே செய்தார்.

அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. விளக்கைப் போடச் சொன்னார், குனிந்து அடியில் பார்த்தார், சீட்டைச் சுழற்றினார். அப்பாவின் தோளுக்குப் பின்னால் பிசிறிய நூலைத் தொட்டார், விளிம்பில் வெளுத்திருந்த தோலை விரலால் தடவினார். அவர் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமனாரை நிறைய எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க போல சார். சீட்டைப் பாத்தாலே தெரியுது. பெத்த பிள்ளைங்களே இப்பல்லாம் செய்யறதில்ல."

"நம்ம கடமை சார்" என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக.

அதிகாரி குனிந்து, "வண்டி வசதியா இருக்காய்யா?" என்று கேட்டார்.

"ரொம்ப வசதி" என்றார் அப்பா.

அதிகாரியும் இவரும் முத்திரை வைக்க அலுவலகத்துக்குள் போனார்கள். நான் திறந்திருந்த கதவின் பக்கம் நின்றேன். அப்பா வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடது விளிம்பை மெதுவாகத் தடவினார். பள்ளத்தின் ஓரத்தில் விரலை அழுத்திப் பார்த்தார். நூல் பிசிறைக் கிள்ளினார்.

"பாப்பா, இதுல யாரும்மா இவ்வளவு நாளா உக்காந்து போனது?"

குனிந்து அவர் காலை எடுத்துச் சரியாக வைக்கிற மாதிரி பாவனை செய்தேன். கால் மடங்கவில்லை.

"என்ன மாதிரியே ஒடம்பு முடியாதவங்க போல. இந்தப் பக்கமாத்தான் சாஞ்சிருக்காங்க." குரலில் கோபமே இல்லை. "போகட்டும், சும்மா கெடக்காம யாருக்காவது ஒதவுச்சே."

முத்திரை வாங்கிக்கொண்டு மருமகன் சீட்டியடித்தபடி படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழக்கூடாது என்பது போல அப்பா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா. நானும் பின்னாடி ஓரமா ஒக்காந்து வந்திருப்பேனே."