சாய்ப்பில் இருந்த மூன்று நாட்கள்

அந்த மாதம் விஜயம்மா தூரமாகவில்லை. ஆனாலும் மூன்று நாள் சாய்ப்பில் போய் இருந்தாள்.

மாட்டுக் கொட்டிலை ஒட்டி ஓலை இறக்கிக் கட்டிய சாய்ப்பு அது. மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண்களுக்கு அங்கே பாய் தனி, பானை தனி, தட்டும் தனி. வண்ணாத்தி கொண்டுவரும் மாற்று முண்டு உடுத்துக் குளத்தில் முங்கிய பிறகுதான் அடுக்களைப் படி ஏறலாம். ஒரு பெண் சாய்ப்பில் போய் இருந்தால் கொல்லயில் கிராமம் முழுக்கத் தெரியும். போகாவிட்டால் அதைவிடச் சீக்கிரம் தெரியும்.

அவள் புருஷன் தாணுமாலயன் வீட்டைவிட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. மலையாள ராஜ்யத்தோடு இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பஸ்ஸை மறித்த கூட்டத்தில் அவனும் நின்றான். ஆடி மாதம் போலீஸ் துப்பாக்கி எடுத்த பிறகு அவனைத் தேடி மூன்று முறை வீட்டுக்கு வந்தார்கள். மெட்ராசுக்கு ஓடிவிட்டான் என்று ஊர் நம்பியது. அவனுடைய அம்மா கிருஷ்ணம்மாவும் நம்பினாள். உண்மையில் அவன் ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் இருந்தான். நினைத்தபோது வயல்வரப்பு வழியாக வந்து, விடியும் முன் போய்விடுவான்.

மாமியாரிடம் இதை விஜயம்மா சொல்லவில்லை. மகனை நினைத்து கிருஷ்ணம்மா அழுதால் நாலு வீடு கேட்கும். அவன் வருகிறான் என்று தெரிந்தால் அந்த அழுகை நின்றுபோகும். நின்றால் அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

ஆகவே நாள் தள்ளிப்போனதும் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். வயிறு தெரியும் முன் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

சாய்ப்பிலிருந்து ஏறிய பிறகு வலி தொடங்கியது. அடிவயிற்றில் வலப்பக்கம் யாரோ விரலை விட்டுத் திருகுவதுபோல் வரும், போகும். துணியில் கறுப்பாக ஒரு கறை பட்டது. அதையும் ஒளித்துத் துவைத்தாள்.

"வாயுவாக்கும்" என்றாள் கிருஷ்ணம்மா. இஞ்சி தட்டிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் மருமகள் கண் செருகி விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் குட்டப்பனின் மாட்டுவண்டியைக் கூப்பிட்டாள்.

குட்டப்பன் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். "வழியில எவனாவது நிறுத்தி, நீ தமிழா மலையாளமாண்ணு கேட்டா வயித்துவலிண்ணு சொல்லு மக்கா. அதுக்கு ரெண்டு கட்சியிலயும் ஆளு உண்டு."

"வாய மூடிட்டு மாட்டப் பத்துலே" என்றாள் கிருஷ்ணம்மா.

பாறசாலை ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா வடக்கே எங்கிருந்தோ வந்தவள். பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். கூடவே நின்ற நர்ஸை விஜயம்மாவுக்குத் தெரியும். குளத்தூர் சாராம்மா. இவள் அண்ணன் எலியாதான் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு. மூன்று முறை வீட்டைக் கிளறியதில் இரண்டு முறை முன்னால் நின்றவன் அவன்.

"மாசமுறை எப்ப வந்தது?"

விஜயம்மா வாயைத் திறக்கும் முன் கிருஷ்ணம்மா முந்திக்கொண்டாள். "இப்பத்தான் தூரமாயி குளிச்சா. மூணு நாளும் சாய்ப்புல நாந்தான் சோறு வச்சேன். வண்ணாத்தி மாத்து கொண்டுவந்தா."

"பர்த்தாவு?"

"அவன் நாட்டுல இல்ல. நாலு மாசமாச்சு."

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "குடல்வால் வீங்கியிருக்கலாம். சாயந்தரம் வரை பாக்கலாம்" என்று ஒரு மருந்து எழுதினாள்.

விஜயம்மா கட்டிலில் கிடந்து யோசித்தாள். குடல்வால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த டாக்டர் எதற்காகப் புருஷனைப் பற்றிக் கேட்டாள்? எல்லாரிடமும் கேட்பதுதானா? சாராம்மா ஏன் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கிறாள்? நாடி பிடிக்கவா, முகத்தைப் படிக்கவா? தான் வீணாகச் சந்தேகப்படுகிறோமோ என்றும் இருந்தது. அப்படி நினைத்து ஏமாந்தவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

உச்சி வெயில் திரும்பியபோது வலது தோளில் ஒரு புது வலி பிடித்தது. வயிற்று நோவுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று புரியவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தாள். சுவர் சரிந்தது.

கண் திறந்தபோது டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரை வெளியே அனுப்பினாள்.

"உன் உடம்புல ரத்தம் குறைஞ்சுகொண்டிருக்கு. வெளியே போகல்ல. அப்ப உள்ளேதான் போகணும். எந்தா நீ மறைக்கிறது?"

விஜயம்மா சாராம்மாவைப் பார்த்தாள். "அவிய வெளியே போட்டும்."

"அவள் கை எனக்கு வேணும். இப்ப பற. சாயந்தரம் பறஞ்சா கேக்கிறதுக்கு நீ இருக்க மாட்டே."

சாராம்மா தட்டில் ஊசியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தபடியே விஜயம்மா சொன்னாள். "சாய்ப்புல சும்மாதான் இருந்தேன். அவரு வந்துட்டுப் போனாரு."

ஊசி அடுக்கும் சத்தம் நிற்கவில்லை. நின்றிருந்தால் அவள் கேட்டாளா என்றாவது தெரிந்திருக்கும் என்று விஜயம்மாவுக்குத் தோன்றியது.

டாக்டரம்மா ஒரு நீள ஊசியால் சோதித்தாள். அதில் கறுத்த ரத்தம் ஏறியது. "கரு கர்ப்பப்பைக்குள்ள போய்ச் சேரல்ல. போற வழியில, குழல்ல தங்கிட்டு. அங்கே வளர இடமில்ல. குழல் பொட்டி வெடிச்சிருக்கு. வயித்தத் திறந்து அதை எடுக்கணும்."

"பிள்ளை?"

"அது பிள்ளையாக வழியில்ல. எங்கே கொண்டுபோனாலும் இல்ல. உன்னைத்தான் காப்பாத்தலாம்."

ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பெண்களின் வயிற்றைத் திறந்தால் பிறகு பிள்ளை உண்டாகாதபடி ஏதோ செய்துவிடுகிறார்கள் என்று குளத்தங்கரையில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அதைக் கேட்டு விஜயம்மா சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு குழலையும் எடுப்பியளா?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று விஜயம்மா நினைத்தாள், வரவில்லை. "ஒண்ணு. கெட்டுப்போனது மட்டும். எடுத்ததை உன் மாமியாருக்குக் காட்டுறேன். எண்ணிப் பாக்கட்டு."

"திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனா?"

"கொண்டுபோகலாம். நெய்யாற்றின்கரை தாண்டுமோ நீ, எனக்கு உறப்பில்ல."

யாரை நம்புவது என்ற கேள்விக்கு நேரம் முடிந்துவிட்டது. யாரையும் நம்பாமலே சம்மதிக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. "செய்யுங்க" என்றாள்.

ஆனால் புருஷன் இல்லாத இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் கைநாட்டு வைக்க வேண்டும். கிருஷ்ணம்மாவை உள்ளே அழைத்து டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தாணுமாலயன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு விஜயம்மாவுக்கு. அவளோ வாய் குழறிக் கிடந்தாள்.

கிருஷ்ணம்மா மருமகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சாய்ப்பில் சோறு வைத்த தன் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையின் பெருவிரலை மையில் அமுக்கினாள்.

"பொழைச்சு வரட்டு. மத்தத பொறகு பேசலாம்."

மறுநாள் வெயில் ஏறியபோது விஜயம்மாவுக்கு நன்றாக நினைவு திரும்பியது. கையில் உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மா பக்கத்தில் கஞ்சிச் செம்போடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுதான் எடுத்தா. தட்டுல வச்சுக் காட்டினா. என் சுண்டுவிரலு அளவுதான் உண்டு." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆருது?"

"ஒங்க மவனுதுதான் மாமி. ஆரியங்கோட்டுல இருக்காரு. அடுக்களை வழியா வருவாரு."

"என் வீட்டு அடுக்களையில என் மவன் வந்துட்டுப் போறான். எனக்குத் தெரியல்ல."

"சொல்லாண்டாம்னு அவருதான் சொன்னாரு."

கிருஷ்ணம்மா பதில் சொல்லும் முன் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏட்டு எலியா. அவனுக்குப் பின்னால் சாராம்மா வேகமாக வந்தாள். "நான் ஒண்ணும் பறயல்ல" என்றாள், யாரும் கேட்காமலே. சொன்னது அவளா, வண்டிக்காரனா, வார்டைக் கூட்டுகிறவளா, விஜயம்மாவால் தீர்மானிக்க முடியவில்லை.

எலியா தொப்பியைக் கழற்றவில்லை. "ஒங்க மருமவளுக்குக் கரு கலைஞ்சதாமே. தாணுமாலயன் மெட்ராசுலயிருந்து தபால்ல அனுப்பினானோ?"

விஜயம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாமி அழப்போகிறாள், எல்லாம் வெளியே வரப்போகிறது என்று காத்துக் கிடந்தாள்.

கிருஷ்ணம்மா அழவில்லை. "என் மவன் நாட்டுல இல்லாத நேரம் பாத்து இவ கெட்டுப்போனா" என்றாள். பக்கத்துக் கட்டில்காரிகளுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "எவன்னு கேட்டேன். சொல்லமாட்டேங்கா. சாவட்டும்னு விட மனசு வரல்ல, கைநாட்டு வச்சேன். நீ ஏட்டுதானே, கண்டுபிடிச்சுச் சொல்லு. நாலு பேரு அறிய அவனைச் சூலால அடிக்கணும்."

சூல் என்றால் விளக்குமாறு. அடுத்த கட்டிலில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். எலியாவின் முகம் கோணியது. ஒளிந்திருப்பவனைப் பிடிக்க வந்தவனுக்கு ஒரு குடும்பத்து அசிங்கம் கிடைத்தது. விஜயம்மாவைப் பார்த்து, "உள்ளதா?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். தையல் போட்ட இடம் இழுத்தது.

அவன் போனதும் கிருஷ்ணம்மா கஞ்சியை அவள் வாயில் ஊற்றினாள். விஜயம்மா இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கேட்டாள். "மாமி, அவருக்காகச் சொன்னதுதானே?"

"பின்ன எதுக்கு?" என்றாள் கிருஷ்ணம்மா. செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையால் மருமகளின் வாயைத் துடைத்தாள். "அடுத்த தடவை அவன் வந்தா என்னை எழுப்பு. என் கண்ணால ஒரு மட்டம் பாக்கணும்."

பெற்றவள் மகனைக் காணக் கேட்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் 'என் கண்ணால' என்ற சொல்லில், தான் சொன்னதை மாமி இன்னும் நம்பவில்லை என்பதும் இருந்ததோ என்று விஜயம்மாவுக்குப் பட்டது.

இத்தனை நாளும் அவன் புறப்படும்போதெல்லாம், இனி வர வேண்டாம் என்று அவள்தான் கெஞ்சி அனுப்புவாள். இப்போது அவன் வர வேண்டும். வரப்பில் எவன் காத்திருந்தாலும், ஒரே ஒரு தடவை வந்து அம்மாவின் முன்னால் நிற்க வேண்டும். அப்படி நினைத்ததற்குப் பயந்து, அவள் மாமியின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.