ஒன்று கொடுக்க, மூன்று கெடுக்க

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கெட்டுப்போன ஒரு விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் ‘கட்டடப் பயன்பாட்டு மாற்ற அனுமதி’ என்று அச்சடித்திருக்கிறது. பின்பக்கம் வெள்ளை. வீணாக்க மனம் வரவில்லை.

எழுதுகிறவனை ‘அவன்’ என்றே வைத்துக்கொள்வோம். ‘நான்’ என்று தொடங்கிப் பிறகு மாற்றினால், பக்கத்திலேயே கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

முதல் தொடக்கம்: அன்று காலை மழை பெய்துகொண்டிருந்தது, அவன் ஜன்னலோரம் — (பெய்யவில்லை.)

இரண்டாவது: மரணம் என்பது ஒரு — (வேண்டாம்.)

மூன்றாவது: அவன் மனைவி ஒரு பட்ஜெட் எழுதி வைத்துவிட்டுப் போனாள். (இது நிற்கும்.)

2

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். வீட்டின் முன்னறைகள் இரண்டையும் கடையாக்கித் தங்கையோடு சேர்ந்து நடத்துவது அவள் திட்டம். அதற்கு அனுமதி வாங்க ஆகும் செலவை ஒரே தாளில் எழுதியிருந்தாள். வரைபடம். பொறியாளர் கையொப்பம். விண்ணப்பக் கட்டணம். குடியிருப்பை வணிகமாக மாற்ற, சதுர அடிக்கு இவ்வளவு. வண்டி நிறுத்த இடம் போதாவிட்டால் அதற்கு ஒரு தொகை. எதிர்பாராதவை, பத்து சதவீதம்.

“எதிர்பாராததுன்னா என்ன?” என்று அவன் அப்போது கேட்டான்.

“தெரிஞ்சா அதுக்குத் தனியா ஒரு வரி போட்டிருக்க மாட்டேனா?”

கடைசி வரி: படிவம் – நான்கு. (ஒன்று கொடுக்க, மூன்று அவர் கெடுக்க.)

நான்கும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தாள். பதினொரு மாதத்துக்கு முன் இறந்துபோனாள்.*

* எப்படி என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை.

3

இப்போது நெருக்கடி. கதை என்றால் ஒன்று வேண்டுமே.

மைத்துனி வேலையை விட்டுவிட்டாள். பரிசோதனைக் கருவிக்கு முன்பணமும் கட்டிவிட்டாள். திங்கள்கிழமை முதல் கட்டணம் மூன்று மடங்கு, படிவமும் புதுசு. பழைய படிவம் இப்போது எங்கும் விற்பதில்லை. கையில் இருப்பதை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கொடுத்தால் பழைய கட்டணமே. தவறினால் பட்ஜெட் தாங்காது. கடை கிடையாது.

முதல் படிவம். ‘தற்போதைய பயன்பாடு’ என்ற இடத்தில் அவன் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று எழுதினான்.

“ஆளில்லாத கட்டடம்னா அதுக்கு வேற படிவம் சார்,” என்றார் அனுமதி அலுவலகத்து எழுத்தர்.

“ஆள் இருக்கேன்.”

“அப்ப ‘குடியிருப்பு’ன்னு எழுதணும். இருக்கிறதும் குடியிருக்கிறதும் ஒண்ணா?”

படிவத்தின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது.

4

இரண்டாவது படிவம். ‘வசிப்போர் எண்ணிக்கை’: 2.

“ரேஷன் அட்டையில ஒருத்தர் பேர்தானே இருக்கு?” என்றார் எழுத்தர்.

“இன்னொண்ணு இவரோட மறதி சார்,” என்றாள் மைத்துனி. “வாடகை குடுக்காம குடியிருக்கு.”

இரண்டை ஒன்றாக்கப் பார்த்தான். ஏழு மாதிரி ஆகிவிட்டது.

“கூட்டுக் குடும்பமா?” என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார் எழுத்தர்.

(இந்த இடத்தில் மைத்துனி கண் கலங்கினாள் என்று எழுதியிருந்தான். பின்பக்கங்களை அவளும் படிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

“நான் எப்ப மாமா கலங்கினேன்? என் கண்ணுல பவர் இருக்கு, தண்ணி இல்ல.”

“கதைக்கு.”

“கதைக்கு வேணும்னா நீங்க கலங்குங்க. நீங்க அழுது எவ்வளவு நாளாச்சு.”

பாத்திரம் ஆசிரியனை எதிர்த்துப் பேசுவது புதுமை என்பார்கள். இவன் வீட்டில் வழக்கம்.)

5

மூன்றாவது படிவம் தப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ‘கணவர் / மனைவி பெயர்’. கட்டத்துக்கு ஓர் எழுத்து. முதல் கட்டத்திலிருந்தே அவள் பெயரை எழுதினான். நல்ல கையெழுத்து.

“முன்னால ‘காலஞ்சென்ற’ போடணும் சார்,” என்றார் எழுத்தர். இந்த முறை மெதுவாக.

முன்னால் இடமில்லை. பெயரின் தலைக்கு மேலே நுணுக்கி எழுதினான்.

“அடித்தல் திருத்தல் செல்லாது சார்.”

“அடிக்கல. திருத்தல. சேர்த்தேன்.”

“சேர்த்தலும் செல்லாது.”

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) அனுமதி கிடைக்கிறது. முதல் வாடிக்கையாளன் அவன்தான். சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரி வரை வாசித்துவிடுகிறான். (அழகு. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

ஆ) வண்டி நிறுத்த இடம் அரை அடி குறைகிறது. (நம்பமுடிகிறது. அதனாலேயே வேண்டாம்.)

இ) வெள்ளிக்கிழமை. மணி இரண்டரை. அலுவலகத்து நீளப் பலகை. நான்காவது படிவம் மடியில். எல்லாம் எழுதியாகிவிட்டது. அவள் பெயரை ஆறு கட்டம் தள்ளி எழுதியிருக்கிறான். கா, ல, ஞ், செ, ன், ற. எண்ணிப் பார்த்தாயிற்று, ஆறுதான். அந்த ஆறும் காலியாக இருக்கின்றன.

“அக்கா மூணுன்னுதானே எழுதினா?” என்றாள் மைத்துனி.

“மூணு.”

“அவ கணக்கு எப்பவாவது தப்பியிருக்கா?”

“இல்ல.”

“இதைக் கெடுத்தீங்கன்னா தப்பிரும்.”

மூன்றாவது படிவத்தின் பின்பக்கம் முடியப்போகிறது. நான்காவதன் பின்பக்கத்தில் எழுத அனுமதி இல்லை. ஆகவே முடிவு அதன் முன்பக்கத்தில்தான் இருக்கும். மூன்று மணிக்குக் கோப்புக்குள் போய்விடும், உங்களுக்குக் காட்டமாட்டார்கள்.

மைத்துனி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் அவளுக்கு ஒரு முழம் தாண்டி எதுவும் தெரியாது.

“எழுதுங்க மாமா. நான் பாக்கல.”

நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.