ஐந்தரை மணிக் கிழங்கு

9.3.2026, திங்கள். இந்த மண்டி விலை நோட்டில் நேற்றைய பதிவில் ஒரு பிழை. கானா கிழங்கு கிலோ நாற்பது ரூபாய் என்று எழுதியது காலை விலை. மாலை விலை தொண்ணூற்றைந்து. எந்த வேளை என்று குறிக்க விட்டுப்போனது. மாலை வகுப்பு எடுக்கப் போக நேரமாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் பிழை பிழைதான். வெளியூர்க்காரர் யாராவது படித்தால் குழம்புவார் என்பதால் விவரம் முழுவதும் கீழே.

கானா நாட்டிலிருந்து வரும் வள்ளிக்கிழங்கு திருவண்ணாமலையில் மாலை ஐந்தரைக்கு முன் வேகாது. இங்கே ஐந்தரை என்றால் அங்கே நண்பகல் பன்னிரண்டு. அந்த ஊர் மதிய உலைக்குத்தான் அது வேகப் பழகியிருக்கிறது. வாரக்கணக்கில் கப்பலில் வந்தும் பழக்கத்தை விடவில்லை. இங்கே வரும் வெள்ளைக்காரர்கள் மறுவாரமே வேட்டி கட்டிக்கொண்டு இட்லிக்குக் காரச்சட்னி கேட்கிறார்கள். கிழங்குக்கு அந்தப் பக்குவம் வரவில்லை.

முந்தைய ஆண்டு மழையில் சேனையும் மரவள்ளியும் மண்ணுக்குள்ளேயே அழுகியதால், கிழங்கு மண்டி அஸ்பாக் போன வருடம் மாசியில் முதல் கண்டெய்னரை இறக்கினார். உள்ளூர்ச் சேனை முப்பது ரூபாய்க்கு விற்றபோது முகம் சுளித்த ஊர், இதைத் தொண்ணூற்றைந்து கொடுத்து வாங்கியது. அட்டைப்பெட்டியில் ஆங்கிலம் இருந்தது. அதற்கு மேல் ஒரு கிழங்கு என்னதான் செய்ய வேண்டும்?

கிரிவலப்பாதையில் அடி அண்ணாமலையில் மெஸ் நடத்தும் அருணாதேவிக்குப் பௌர்ணமி அன்னதானம்தான் ஆதாரம். சென்னை அறக்கட்டளை ஒன்று மாதாமாதம் இரண்டாயிரம் பேருக்கு மதியச் சாப்பாடு போடும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. அந்த ஒரு நாள் போனால் மற்ற நாட்களில் கடையைத் திறந்து பயனில்லை. உப்பு கம்மி என்று முன்பு சமையல்காரர் இருவரை மாற்றிய அறக்கட்டளை அது. அந்த மாசிப் பௌர்ணமிக்கு ‘வெளிநாட்டுக் கிழங்குப் பொரியல்’ என்று பேனரே அடித்துக் கட்டிவிட்டார்கள். வேறு காய் போட வழியில்லை.

காலை ஏழு மணிக்கு ஏறிய ஆறு அண்டாவும் பதினொன்று வரை கொதித்தன. கிழங்கு கூழாங்கல்லாகவே கிடந்தது. அருணாதேவி மண்டிக்குப் போன் போட்டார்.

“என்னா பாய் இது, மலையை உடைச்சு மூட்டை கட்டி அனுப்பிட்டீங்களா?”

“ஃபாரின் சரக்குக்கா. பிரியாணில கறி வேகலன்னா பப்பாளிக்காய் போடுவோம். ரெண்டு துண்டு போட்டுப் பாருங்க.”

போட்டார். பப்பாளிக்காய் கரைந்தே போனது. கிழங்கு அப்படியே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அறக்கட்டளைத் தலைவர் அப்பாதுரை பந்தலுக்கு வந்து ஒரு துண்டைக் கடித்தார். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“பல்லு போயிடுச்சும்மா. அடுத்த மாசத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

“போட்டோ எடுக்கலைங்களா சார்?” என்றார் அருணாதேவி. பேசும் நேரமில்லைதான், ஆனாலும் கேட்டுவிட்டார்.

அன்னதானம் நண்பகலில் நடப்பதற்குக் காரணமே போட்டோதான். நல்ல வெளிச்சம் இருக்கும். இருட்டுமுன் சென்னைக்குத் திரும்பலாம். கிரிவலம் வரும் கூட்டமோ வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்கும். ஆகவே மாதாமாதம் பக்தர்களாக உட்கார்ந்து சாப்பிட்டது அறக்கட்டளையின் உறவினர்களும் கார் டிரைவர்களும். மிச்சத்தை மாடுகள் தின்றன. அவையும் பசியாறியதால் தர்மத்தில் குறையொன்றும் இல்லை.

கார்கள் கிளம்பிப் போயின. அருணாதேவி அடுப்பை அணைக்கவில்லை. எப்படியும் போகப்போகிற கடை, கேஸ் மிச்சம் பிடித்து என்ன என்று விட்டுவிட்டார். சரியாக ஐந்தரைக்கு ஆறு அண்டாவும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டன. கரண்டி பட்டதும் கிழங்கு வெண்ணெயாக விண்டது. அந்நேரம் கிரிவலப்பாதை நிறைந்திருந்தது. பசித்தவர்கள் வந்து சாப்பிட்டது அதுவே முதன்முறை. பரிமாறிய ஆதிலட்சுமி, பந்தலில் தொடங்கித் தெருக்கோடி வரை நின்ற வரிசையைப் போனில் படமெடுத்து அப்பாதுரைக்கு அனுப்பினார்.

மறுநாளே போன் வந்தது. “நேரத்தை மாத்தணும்னு நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டுதானம்மா இருக்கேன்” என்றார் அப்பாதுரை. வேலை அருணாதேவியிடமே நின்றது.

பிறகு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து இளஞ்செழியன் என்ற அதிகாரி வந்து மூன்று மாதம் ஆராய்ந்தார். கிழங்கில் குறையில்லை, இந்திய நேரம் அதற்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தார். தெரிவிக்க ஒரு குழு போடப்பட்டது. குழு காலையில் மட்டும் கூடியதால் கிழங்கு ஒத்துழைக்கவில்லை.

அஸ்பாக் கடைப் பலகையில் இரண்டு விலை எழுதத் தொடங்கினார்: ஐந்தரைக்கு முன் நாற்பது, பின் தொண்ணூற்றைந்து. காலையில் வாங்கி வைத்திருந்து மாலையில் சமைக்கலாமே என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்த்தார்.

“அந்த விலைக்குக் கொடுக்கறீங்கன்னா சரக்குல ஏதோ இருக்குது பாய்” என்றார்கள்.

இன்றும் மாலையில்தான் கூட்டம். காலையில் வாங்குகிற ஒரே ஆள் அருணாதேவி. இந்த மாசிப் பௌர்ணமிக்கும் அப்படித்தான் வாங்கினார். ஐந்தரைக்கு அண்டாக்கள் பெருமூச்சு விட்டபோது வரிசையில் நின்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் நீட்டினார்கள்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணிக்கு மண்டியில் காலை விலை, மாலை ஐந்தரைக்கு மாலை விலை. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். நோட்டில் கட்டத்தை இன்றே போட்டு வைக்க வேண்டும்.