கோழி அடைந்த நாற்காலி

உபதேசியார் ஆசீர்வாதம் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். பூரணி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"உங்கம்மா வரச் சொல்லட்டும்."

உள்ளே அப்பாவின் தலைமாட்டில் அம்மா ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் இருமிய கனகராஜ், காலை ஏழு மணிக்கு அடங்கிப்போயிருந்தார். போதகர் மதராஸ் போய்விட்டதால் அடக்க ஆராதனைக்கு உபதேசியாரை விட்டால் சபையில் வேறு ஆளில்லை. அவரோ இந்த வாசலை மிதித்துப் பதின்மூன்று வருடமாகிறது.

பூரணிக்கு அந்தக் கதை தெரியும். அவள் பிறப்பதற்கு முந்தைய வருடம், எழுபதில், தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அப்பாவின் நெஞ்சு கெட்டுவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஜெபிக்க வந்த உபதேசியார், வேதத்தில் எசேக்கியா ராஜா வியாதிப்பட்ட பகுதியை எடுத்தார். நீ பிழைக்கமாட்டாய், வீட்டை ஒழுங்குபடுத்து என்று கர்த்தர் தீர்க்கதரிசியிடம் சொல்லியனுப்பிய இடம் வரை வாசித்தார். அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார். அவர் உட்கார்ந்த நாற்காலியை அம்மா பின்பக்கம் தூக்கி எறிந்தாள். அன்றிலிருந்து அதில் கோழிதான் அடைந்தது.

அப்பாவுக்குக் கோபமில்லை. அந்த மாதமே மூச்சு வாங்க வாங்க எழுந்து ஓடு மாற்றினார். "ஒழுங்குபடுத்துன்னு சொல்லிட்டாரு இல்ல?" என்பார். பிறகு சனிக்கிழமைதோறும் வீட்டில் எதையாவது செப்பனிட்டார். சாகத் தயாராகிக்கொண்டே பதின்மூன்று வருடம் இருந்தார்.

"தங்கச்சி," என்றார் நிசார் அஹமது. அப்பாவோடு குழியில் வேலை செய்தவர். "நேரம் ஆவுது. ஐயாதான் படிக்கணும்னு அவனே எங்கிட்ட பத்து தடவ சொல்லியிருக்கான்."

"பாதியில மூடிட்டுப் போற ஆளு அண்ணே அவரு."

"இன்னைக்கி மூடுனாருன்னா நான் வாசல்ல படுத்துக்கறேன். எப்படித் தாண்டிப் போறாருன்னு பாக்கலாம்."

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனாள். கோழியை விரட்டும் சத்தமும், எதையோ சுரண்டும் சத்தமும் கேட்டன. முந்தானையால் துடைத்துக்கொண்டே நாற்காலியைக் கொண்டுவந்து தலைமாட்டில் போட்டாள். உடைந்திருந்த காலுக்குப் புதுக் கட்டை கொடுத்து ஆணி அடித்திருந்தது. எந்தச் சனிக்கிழமையோ. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

"வரச் சொல்லு."

உபதேசியார் வந்து உட்கார்ந்தார். "எதப் படிக்கட்டும்மா?"

"அன்னைக்கிப் படிச்சத."

வாசித்தார். பழைய இடம் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கி இதுக்கு மேல படிக்க எனக்குத் துணிச்சல் வரல, ராஜம்மா. படிச்சிட்டு, அப்படி நடக்காமப் போய்ட்டா உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு..."

"மேல படிங்க ஐயா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுததை வாசித்தார். அந்தக் கண்ணீரைக் கண்ட கர்த்தர், முற்றத்தைக்கூடத் தாண்டியிராத தீர்க்கதரிசியைத் திருப்பி அனுப்பியதை வாசித்தார். கூட்டிக் கொடுத்த பதினைந்து வருடத்தையும் வாசித்தார்.

"இவருக்குப் பதிமூணுதானே ஆச்சு," என்று பங்கஜம் பெரியம்மா பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

"ராஜாவுக்குப் பதினஞ்சு," என்றாள் அம்மா. "குழியில நின்ன மனுசனுக்குப் பதிமூணு கம்மியாக்கா?"

பேசும்போதே அவள் கை பூரணியின் பின்னலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பூரணிக்குப் பன்னிரண்டு வயது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நிசார் அஹமது வீட்டிலிருந்து டீ வந்திருந்தது. உபதேசியார் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அம்மா அவருக்கு இரண்டாவது தம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கம், நாற்காலி இருந்த இடத்தைக் கோழி சுற்றிச் சுற்றி வந்தது. பூரணி ஒரு பழைய கூடையைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள்.