சுரங்கத்தடியில் பறித்த தேயிலை

வெர்லா எட்சிட்டி தன் கணவன் லியாண்டருக்குத் தினமும் காட்டுத் தேயிலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சிறுநீரகத்துக்கு அதைவிட நல்ல மருந்து அமெரிக்கப் பழங்குடிகளான தங்கள் நவஹோ நாட்டில் இல்லை என்பது அவள் நம்பிக்கை. மூடிப்போன யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழே, ஓடைக்கரையில் அந்தச் செடி மண்டிக்கிடந்தது. குல வழக்கப்படி சோள மகரந்தம் தூவி வேண்டிக்கொண்டுதான் பறிப்பாள். லியாண்டரின் கால் வீக்கம் வடியவில்லை. அவள் கஷாயத்தை இன்னும் கெட்டியாக்கினாள்.

மூலிகைகளைச் சோதிக்கும் கல்லூரிப் பெண் ஷாண்டீன் கேட்டபோது, வெர்லாவே ஒரு பிடி பறித்துக் கொடுத்தாள். சோதனை முடிவைச் சொல்ல ஷாண்டீன் வெர்லாவின் வீட்டுக்கே வந்தாள். வெர்லாவின் தம்பி டெல்மர் அன்று ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுரங்கக் கழிவை அகற்றும் கம்பெனியில் அவனுக்கு வேலை.

"யுரேனியமும் இருக்கு, ஆர்சனிக்கும் இருக்கு அத்தை. இனிமே குடிக்க வேண்டாம்."

லியாண்டர் சிரித்தான். "அப்ப ராத்திரி வெளிய போக எனக்கு டார்ச் தேவையில்ல."

ஷாண்டீன் சிரிக்கவில்லை. டெல்மரைத்தான் பார்த்தாள். "நான் சோதிச்ச சுரங்க வாசல் செடியில போன வருஷமே இருந்துச்சே. ஓடைப்பக்கத்து வீடுங்களுக்குச் சொல்லிடறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தான். "கம்பெனி வாயத் தொறக்கக் கூடாதுன்னுச்சுக்கா. வேலை போயிருக்கும்."

"அதான் உன் ஆட்டையெல்லாம் ஓடைப்பக்கம் விடாம மலைக்கு அந்தாண்ட ஓட்டினியா?" என்றாள் வெர்லா.

டெல்மர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

"ஆட்டக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கு. இங்க வந்து என் சோத்தத் தின்னுக்கிட்டு, உன் மாமா அதைக் குடிக்கிறதப் பாத்துக்கிட்டே இருந்திருக்க."

லியாண்டர் மெதுவாகச் சொன்னான்: "நல்லாருக்கு, இன்னொரு டம்ளர் குடிங்க மாமான்னு கூடச் சொன்னான்."

வெர்லா அழவில்லை. தம்பி வாசலைத் தாண்டிப் போகும்வரை அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

குளிர்காலத்தில் லியாண்டருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. கஷாயத்தால்தானா என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரம் மூன்று முறை அவள்தான் வண்டியோட்டிக் கூட்டிப்போனாள்.

அடுத்த கோடையில் டெல்மர் ஒரு கட்டு தேயிலையோடு வந்து வாசலில் நின்றான். "லுகாசுகாய் மலை உச்சியில பறிச்சதுக்கா. அங்க சுரங்கமே கிடையாது. சுத்தமானது."

அவள் கை நீட்டவில்லை.

"ஷாண்டீன்கிட்ட கொண்டு போய்க் குடு. அவ சுத்தம்னு சொன்னா வாங்கிக்கிறேன். நீ சொல்றத வச்சு இந்த வீட்ல இனிமே தண்ணிகூடக் கொதிக்காது."

அவன் தேயிலைக் கட்டோடு வண்டிக்குத் திரும்பினான்.