இடப்பக்கக் கதவு

பூட்டுக்கடைக்காரர் காரின் முன்விளக்கைத் துடைத்து முடித்து, மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே, கூடத்தில், கிடத்தியிருந்த அவருடைய மனைவியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவரைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

மகள் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“என்னப்பா பண்றீங்க?”

“பாத்தா தெரியல? துடைக்கிறேன்.”

“வர்றவங்க எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க. அம்மா பக்கத்துல வந்து உக்காருங்க.”

“வண்டி இப்படி இருந்தா உங்கம்மாவ எப்படிக் கூட்டிட்டுப் போறது? பின்சீட்ட மடக்கிப் பாத்துட்டேன். நீட்டிப் படுக்க எடம் தாராளமா இருக்கு.”

மகள் காரைப் பார்த்தாள். நீளமான பின்புறமும் உருண்டையான முகமும் கொண்ட பழைய வண்டி. கடைக்குச் சாமான் ஏற்றுவதற்கென்று அவர் இளவட்டமாக இருந்தபோது வாங்கியது. சாமான் ஏற்றியது சில வருஷந்தான். அப்புறம் அதன் மேல் தூசி பட்டாலே அவருக்குத் தும்மல் வந்தது.

“அப்பா, அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“எப்ப?”

“போன தடவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. ‘உங்கப்பா என்னை அந்த வண்டியிலதான் ஏத்தப் பாப்பாரு. விட்டுடாதடி. கடைசியா ஒரு தடவையாவது குலுங்காம, ஏசி போட்ட வண்டியில போறேன்’னாங்க. நான் வேனுக்குச் சொல்லிட்டேன்.”

“சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, நெஜமாவே சொன்னாளா?”

“அம்மா எதைத்தான் சிரிக்காம சொன்னாங்க?”

கடைக்காரர் துணியை உதறினார். எதிராளி சொன்ன விலைக்கு ஒரு காலத்திலும் தலையாட்டாத வம்சம். அப்பாவும் தாத்தாவும் வாடிக்கையாளரைக் கடைவாசல் தாண்ட விட்டு, தெருவில் நாலு கடை போய்த் திரும்ப வரவைத்தவர்கள். அந்த ரத்தம் இந்த வேளையிலும் சும்மா இருக்கவில்லை.

“சரி, மெயின்ரோடு வரைக்கும் நம்ம வண்டி. அங்க வேன்ல மாத்திக்கலாம்.”

“அப்பா!”

“தெருமுனை வரைக்கும்?”

மகள் குரலை உயர்த்தவில்லை. “ஞாயித்துக்கிழமை பூரா உங்களுக்கும் வண்டிக்கும்தான் குடுத்தாங்க. இந்த ஒரு நாள் அவங்களோடதா இருந்துட்டுப் போகட்டும்.”

துணி அவர் கையிலேயே நின்றுவிட்டது.

“ஒரு தடவகூட அவளுக்குப் பிடிக்கலையா?” என்றார். “ஒரே ஒரு தடவ?”

மகள் அப்படி ஒரு தடவையை நினைவில் தேடிப் பார்த்தாள். கிடைத்திருந்தால் சொல்லியிருப்பாள், அப்பா முகம் அப்படி இருந்தது.

மனைவி இவரைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட வண்டி. அதனால் அதற்கு ‘மூத்தவள்’ என்று பெயர் வைத்திருந்தாள். “மூத்தவளுக்கு அலங்காரம் முடிஞ்சுதா? இளையவளுக்குக் காய்கறி வாங்கணும்” என்பாள். கல்யாணமான புதிதில், மனைவியை முதன்முதலாக வெளியூர் அழைத்துப் போனவர், வழி முழுக்க கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். அவள் பாதியில் தூங்கிவிட்டாள். அவர் கவனிக்காமல் மீதியையும் விளக்கி முடித்தார். பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற மைதானங்களில், மற்றவர்கள் ஒருத்தர் வண்டிக்கு ஒருத்தர் மூக்கைச் சுளித்துக்கொண்டிருக்க, அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து துப்பறியும் கதை படிப்பாள். யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், “கலர் நல்லாருக்கு” என்பாள். அத்தனை வருஷத்தில் அவள் வண்டியைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அந்தக் கலரும் அவளாகத் தேர்ந்தெடுத்தது இல்லை.

போதாக்குறைக்கு அவள் பக்கத்துக் கதவு. இடப்பக்கக் கதவின் உள்கைப்பிடி எப்போதோ உடைந்து போயிருந்தது. கண்ணாடி விரல் நுழைகிற அளவுக்குத்தான் இறங்கும். வெளியேயிருந்து யாராவது திறந்தால்தான் உண்டு. எங்கே போனாலும் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானெட்டைக் கையால் வருடிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறப்பார். அவள் கதைப் புத்தகத்தில் அடையாளம் வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பையைத் தேடி, அவசரமே இல்லாமல் இறங்குவாள். அதுவரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். “ஊருக்கெல்லாம் கைப்பிடி விக்கிற மனுஷன், பெண்டாட்டிய மட்டும் உள்ள வச்சுப் பூட்டி ஓட்டுறாரு” என்று பழைய வண்டிக்காரர்களுக்குத் தலைவரான பல் டாக்டர் கிண்டலடிப்பார்.

கடைக்காரர் அந்தக் கைப்பிடிக்காக ஏறி இறங்காத காயலான் கடை இல்லை. கடையில் அவர் விற்ற கைப்பிடிகளில் எதுவும் பொருந்தவில்லை. பொருந்தினாலும் அவர் மாட்டியிருக்க மாட்டார். மூத்தவளுக்கு ஒட்டுப்போட அவருக்கு மனசு வராது. மெக்கானிக்கிடம் படம் வரைந்து கொடுத்திருந்தார். அவனும் “கெடைக்கலண்ணே, கெடைக்கலண்ணே” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நேற்றுச் சாயங்காலமும் அவர் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு டார்ச் பிடித்திருந்தாள். “வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டு” என்றார். வெளிச்சம் அசையவில்லை. அவள் என்றைக்கும் சரியான இடத்தில் காட்டியதில்லை. டார்ச் ஒரு கையில், புத்தகம் இன்னொரு கையில், கண் எங்கேயோ. “சொல்றது காதுல விழுதா?” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, போல்ட்டைத் தடவிப் பார்த்து இருட்டிலேயே முடுக்கினார். வெளியே ஊர்ந்து வந்த பிறகுதான் அவள் தலை சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். இருதயம் என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்றார்கள். டார்ச் மடியில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பல் டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் தெருவோரமாக வரிசையாய்ப் பழைய வண்டிகள், எல்லாம் குளித்து முழுகியது மாதிரி பளபளவென்று நின்றன. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து கடைக்காரரின் தோளைப் பிடித்தார்.

“தைரியமா இருங்க. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. உங்க வண்டி முன்னால, நாங்க பின்னால. ராணி மாதிரி கூட்டிட்டுப் போயிடலாம்.”

“வேன் சொல்லியாச்சு டாக்டர்.”

“வேனா?” பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் தெரிந்த மாதிரி முகம் மாறியது. “இவ்வளவு பேரு இவ்வளவு வண்டியோட வந்திருக்கோம். எதுக்கு வேன்?”

“ஏசி இருக்கும்.”

“அவங்களுக்கு இனிமே…” என்று ஆரம்பித்தவர், நல்ல வேளை, அதோடு நிறுத்திக்கொண்டார்.

“நீங்க பின்னால வாங்க,” என்றார் கடைக்காரர். “ஹாரன் மட்டும் யாரும் அடிக்காதீங்க. அவளுக்கு ஆகாது.”

அப்போது பக்கத்து வீட்டு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்தவர்களுக்கு டீ போட அவளாகவே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். “சர்க்கரை எங்க வச்சிருக்காங்கன்னு தெரியலையே.”

“நான் எடுத்துத் தரேன்,” என்று கடைக்காரர் போனார். நிற்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. மகளும் கூடவே வந்தாள். அழுக்குக் கையோடு எப்படிக் கும்பிடுவது என்று மெக்கானிக் சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். பட்டறையில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

கடைக்காரர் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து, சர்க்கரை டப்பாவை எடுத்து மகளிடம் கொடுத்தார். அலமாரியைச் சாத்தினார்.

மெக்கானிக் சொட்டுகிற கையோடு அதையே பார்த்தான்.

“அட… இங்கயா மாட்டிட்டாங்க?”

“எதை?”

கேட்டிருக்கவேண்டாம் என்று மெக்கானிக்குக்கு உடனே தோன்றியிருக்கவேண்டும். குழாயை இல்லாத மும்முரத்தோடு மூடினான். ஆனால் கடைக்காரர் திரும்பிவிட்டார்.

அலமாரிக் கதவில் ஒரு கைப்பிடி. நிக்கல் பூச்சு. மெல்லிய வளைவு, நுனியில் மிளகளவு குமிழ். இதைத்தான் அவர் படம் வரைந்து ஊர் ஊராகக் காட்டினார். தூரத்தில் போகிற வண்டியின் பம்பரைப் பார்த்தே அது எந்த வருஷத்து மாடல் என்று சொல்லி, கூட இருப்பவர்களின் உயிரை எடுக்கிற மனுஷன், தினம் காலையில் டீக்கு இந்த அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறார். நம் கடையிலிருந்து எடுத்து வந்திருப்பாள் என்று நினைத்திருந்தார். நினைத்தார் என்பதுகூட அதிகம், பார்க்கவே இல்லை.

“எப்படா கெடச்சுது இது?”

“அது ஆச்சுண்ணே… ரொம்ப வருஷம். நீங்க கடையில இருந்தீங்க, நான் நேரா வீட்டுக்குக் கொண்டாந்தேன். அண்ணிதான் வாங்கி வச்சாங்க.”

“கெடைக்கல, கெடைக்கலன்னு என்கிட்ட சொன்னியே.”

“அண்ணி அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க.” மெக்கானிக் மகளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “மாட்டிடவா அண்ணின்னு கேட்டேன். ‘வேணாம்பா. ஞாயித்துக்கிழமை பூரா அந்த மனுஷன் வண்டியத்தான் பாக்குறாரு. இதுக்காகவாவது எறங்கி என் பக்கம் வரட்டும்’னாங்க.”

டீத் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா அடுப்பைக் குறைத்தாள். மகள் சர்க்கரை டப்பாவை அணைத்தபடி நின்றாள்.

“வேற என்ன சொன்னா?”

“வேற ஒண்ணும் சொல்லல.” மெக்கானிக் யோசித்தான். “அலமாரிக்கும் ஒரு பிடி வேணும்னாங்க.”

கடைக்காரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா என்று பக்கத்து வீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப கழட்டி வண்டியில மாட்டிரட்டுமாண்ணே? சின்ன வேலதான். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ.”

“அதைத் தொடாத,” என்றார். பிறகு சாதாரணக் குரலில், “சர்க்கரை எடுக்க வேணாமா?” என்றார்.

வேன் வந்தது. புதுசு, வெள்ளை நிறம். இன்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஆண்கள் அவளைத் தூக்கி வந்து பின்னால் வைத்தார்கள். மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைக்காரர் முன்னால், டிரைவருக்கு இடப்பக்கம் ஏறினார். வாழ்க்கையில் அந்தப் பக்க சீட்டில் அவர் அதிகம் உட்கார்ந்ததில்லை. ஸ்டியரிங் இல்லாத இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பழைய வண்டிகள் பின்னால் புறப்பட்டன. தெரு முடிவதற்குள்ளேயே அதில் ஒரு வண்டி இரண்டு முறை டப்பென்று வெடித்துவிட்டு நின்றது. கண்ணாடியில் பல் டாக்டர் பானெட்டைத் திறப்பது தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் கடைக்காரர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பார்.

“சார், நிறுத்தணுமா?” என்றான் டிரைவர்.

“வேணாம், நீ போ.” கொஞ்ச தூரம் போனதும், “அந்த ஏசியக் கொஞ்சம் கூட்டி வைப்பா” என்றார்.

வேன் குலுங்கவே இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியதுகூட உடம்புக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தார். பின்னால் திரும்பினார். மறுபடி முன்னால் பார்த்து உட்கார்ந்தார்.

மயானத்து வாசலில் வேன் நின்றது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். பின்பக்கக் கதவைத் திறக்க அவன் இறங்கப் போனபோது, “நீ இரு” என்றார் கடைக்காரர்.

இறங்கினார். அவர் நின்ற இடத்திலிருந்து நேராக நடந்தால் பின்கதவு நாலெட்டுதான்.

“இப்படியே போயிடலாமே சார்,” என்றான் டிரைவர்.

அவர் முன்பக்கமாகப் போனார். மூக்குச் சப்பையான வேன். வருடிக்கொண்டு போக நீளமான பானெட் இல்லை. இருந்த இடத்தில் கையை வைத்தார். சூடாக இருந்தது. கையை எடுக்காமல், டிரைவர் பக்கமாகச் சுற்றிப் பின்னால் வந்தார்.

பின்கதவுக் கண்ணாடி வழியாக மகள் தெரிந்தாள். அவள் உள்கைப்பிடியில் கை வைத்திருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்த குளிர் முகத்தில் பட்டது. தூக்குவதற்கு வந்தவர்கள் அவருக்குப் பின்னால் தயங்கினார்கள். அவர் யாரையும் அவசரப்படுத்தாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.